கார்டை மாற்றிய மறுநிமிடம்

கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு, பேட்டரியைச் செருகி, பவர் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றத் தொடங்கியது. பட்டனைச் சுற்றி நீல விளக்கு எரிந்தது. ஹார்ட் டிஸ்க் வழக்கம்போல் கறகறத்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

காத்திருந்தேன். விண்டோஸ் தொடங்கும்போது வரும் அந்தச் சின்ன இசை ஸ்பீக்கரில் ஒலித்தது. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எனக்கு எதிரே இருந்த கறுப்புக் கண்ணாடியில் என் முகமும், பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரும்தான் தெரிந்தன.

அமெரிக்காவில் வங்கிகள் விழுந்ததற்கு மறு வருடத்து ஏப்ரல் அது. சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் இரண்டாவது மாடி வீடு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இந்த லேப்டாப்போடு நான் ஊரின் வடக்கு ஓரத்துப் போலாரத்தில் இருக்க வேண்டும்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி திண்டுக்கல்லிலிருந்து இங்கே வந்தபோது ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தேன். மகள் பிறந்ததும் அதை விட்டேன். ஆறு வருடம் கழித்து, கட்டடத்தைக் கணினிக்குள் கட்டி அதற்குள் நடந்துபோவதுபோல் காட்டும் மென்பொருளை வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டேன். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவரிடம், அந்த வேலையைத் தாங்கக்கூடிய ஒரு கனமான பழைய லேப்டாப் கிடைத்தது. தெரிந்த ஆர்க்கிடெக்ட் ஒருவர் முதல் வேலையைக் கொடுத்தார். போலாரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சிறு மருத்துவமனைக்குப் புதிய கட்டடம். கமிட்டி உட்கார்ந்து பார்க்கும். பார்த்துப் பிடித்தால்தான் ஆர்க்கிடெக்டுக்கு வேலை. அவருக்குக் கிடைத்தால்தான் எனக்கு. அங்கே புரொஜெக்டர் கிடையாது. மென்பொருளின் உரிமமும் இந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும். ஆகவே இதைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துத்தான் காட்ட வேண்டும்.

இரண்டு வாரமாகவே திரையில் கோடுகள் வந்துகொண்டிருந்தன. முதலில் பச்சையில் இரண்டு. பிறகு திரை முழுவதும் பச்சையும் சிவப்புமாக நெட்டுக் கோடுகள், பாய் விரித்ததுபோல். வெள்ளிக்கிழமை, செகந்திராபாத்தில் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் பார்த்ததுமே கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார். இந்த மாதிரி லேப்டாப்பில் அதைக் கழற்றி மாட்டலாம், வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த கார்டு தன்னிடமே இருக்கிறது, ஆனால் முன்னால் நிறைய வேலை காத்திருப்பதால் பத்து நாள் ஆகும் என்றார்.

"பத்து நாள் முடியாது. கார்டை மட்டும் குடுங்க, நானே மாட்டிக்கிறேன்" என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆப்கி மர்ஜி, மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். "உன் இஷ்டம்." சுவரில் ஒரு ஆணி அடித்தால்கூட எழுந்து வந்து "தள்ளு, நான் அடிக்கிறேன்" என்பவர். அன்று கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பயம் இல்லாமல் நான் அதைத் திறக்கவில்லை. வரைபடக்காரி என்பதால் ஒரு பெரிய தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அளவோடு வரைந்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றக் கழற்ற, அது இருந்த இடத்திலேயே தாளில் செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். கீபோர்டைத் தூக்கி, திரை மடங்கும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்து, குறுக்கே ஓடிய வயர்களை விலக்கி, கடைசியில்தான் அந்தக் கார்டுக்குப் போக முடிந்தது. உள்ளங்கையில் பாதி இருந்தது. அதை எடுத்துவிட்டு வாங்கி வந்ததை வைத்தேன். எல்லாவற்றையும் வந்த வழியே திரும்ப மாட்டினேன். ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை.

மறுநிமிடம் கறுப்பு.

அணைத்து, பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டேன். கறுப்பு. மெமரியை எடுத்து முந்தானையில் துடைத்துத் திரும்பச் செருகினேன். கறுப்பு. கடைக்காரருக்கு போன் செய்தேன்.

"வேற மானிட்டர் போட்டுப் பாருங்க மேடம்" என்றார்.

"வேற மானிட்டர் இல்லைங்களே."

"அப்ப மண்டே கொண்டு வாங்க. பதினொரு மணிக்குத்தான் கடை திறப்பேன்."

மகள் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மம்மி, டிவி கராப் ஹோகயா க்யா?" என்று கேட்டாள். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஹிந்தியில் பதில் சொல்வாள். "டிவி கெட்டுப்போகலடி, இது வேற. போய் விளையாடு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அன்று முழுவதும் கை ஒரு வேலையில் நிலைக்கவில்லை. அரிசியை இரண்டு தடவை அளந்து போட்டேன். கார்டு மோசமா, நான் மாட்டும்போது ஏதாவது செய்துவிட்டேனா என்ற ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. மோசமான கார்டு என்றால் கடைக்காரர் பொறுப்பு. என் கை பட்டு உள்ளே ஏதாவது கருகியிருந்தால்? ஆர்க்கிடெக்டுக்கு போன் செய்து சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எண்ணை எடுத்து, இரண்டு முறையும் அழுத்தாமல் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு யோசனை வந்தது. பழைய கார்டைத் திரும்ப மாட்டுவோம். கோடு கோடாக வந்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கிறது என்றாவது தெரியும். மறுபடி தாளை விரித்து, கழற்றி, மாட்டி, பட்டனை அழுத்தினேன். இசை ஒலித்தது. திரையில் கோடுகூட வரவில்லை.

முந்தின நாள் கழற்றும் வரை கோடு காட்டிக்கொண்டிருந்த கார்டு அது. இப்போது அதுவும் கறுப்பு என்றால் கெட்டுப்போனது கார்டு இல்லை. நான் ஏதோ செய்திருக்கிறேன்.

கணவர் வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஆட்டோ பிடிச்சு வேற யார்கிட்டயாவது கொண்டு போயிப் பாப்போமா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை எவன் கடை தெறந்து வச்சிருக்கான்?"

"இல்ல, கேட்டுப் பாக்கலாம்ல."

"நேத்து நான் ஒத்தையில கழட்டிட்டுக் கெடந்தேன். அப்பயெல்லாம் எந்திரிச்சு வரல. இப்ப வந்து ஆட்டோங்கிறீங்க." நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்களுக்கு என்னங்க? நாளைக்குக் காலைல கம்பெனி பஸ் வரும், ஏறிப் போயிருவீங்க. நான்தான இங்க உக்காந்து இதப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"பஸ் வராது."

"ஏன், லீவா?"

"பஸ் வரும். எனக்கு வராது." அவர் கதவுச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை மீட்டிங்னு கூப்பிட்டாங்க. பதினஞ்சு பேரு. கையெழுத்து வாங்கிட்டு ஐடி கார்டையும் வாங்கிட்டாங்க. திங்கக்கிழமை உன் வேலை முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

வெள்ளிக்கிழமை அவர் சீக்கிரம் வந்ததும், தலைவலி என்று படுத்ததும், "உன் இஷ்டம்" என்றதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் அவரைப் பற்றித்தான் முதலில் நினைத்தேன் என்று எழுத ஆசைதான். அது உண்மை இல்லை. இந்த வீட்டில் இனி சம்பாதிக்கப் போவது இந்த லேப்டாப் ஒன்றுதான், அதையும் நான் கெடுத்து வைத்திருக்கிறேன் என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தேன். உருண்டு கீழே விழுந்தது. இரண்டு பேருமே குனியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

அக்காவின் குடும்பம் நான்கு தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது மகளுக்கு ஏதாவது பேக்கரிப் பண்டம் வாங்கி வருவது வழக்கம். அன்றும் பட்டுப்புடவையும் கையில் பஃப்ஸ் பொட்டலமுமாக உள்ளே வந்தவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கைக்கு ரெண்டு பேரும் இப்டி மூஞ்சிய வச்சிகினு இருக்கீங்க? என்னா ஆச்சு மா?" அக்காவின் தமிழில் ஊர் ஹிந்தி கலந்திருக்கும்; கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம்.

கணவரின் வேலையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. லேப்டாப்பைக் காட்டினேன். கார்டு மாற்றியதையும், பழைய கார்டைத் திரும்ப மாட்டியதையும், நாளைக்குப் போலாரம் போக வேண்டியதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில் அழுதுவிட்டேன்.

"அழுவ நக்கோ. இரு, இரு." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது மா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உள்ளே படம் வரலையா, இல்ல படம் வந்தும் தெரியலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானக்கா?"

"ஒண்ணு எப்டி ஆவும்? எங்க டிபார்ட்மென்ட்ல புதுசா வர்ற டாக்டருங்க கத்துவாங்க. ஃபிலிம் பூரா கறுப்பு, திருப்பி எடுங்கன்னு. நான் போயி பாப்பேன். ஃபிலிம் நல்லாத்தான் இருக்கும். அதை மாட்டிப் பாக்குற பொட்டி இருக்கில்ல, அதுக்குள்ள ட்யூப் லைட் போயிருக்கும். இதுக்கும் பின்னால லைட் உண்டுல்ல?"

கணவர் சட்டென்று நிமிர்ந்தார். "இருக்கும். இருக்குக்கா."

"ஹவ். அப்ப டார்ச்ச எடு."

மின்வெட்டுக் காலம் என்பதால் டார்ச் எப்போதும் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. கணவர் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தார். முதலில் தூசியும் விரல் ரேகையும்தான் தெரிந்தன. அவர் கையை மெல்ல நகர்த்தினார்.

"இந்தா, இங்க பாரு."

வெளிச்சம் விழுந்த அந்த வட்டத்துக்குள், தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல், மகளின் படம் தெரிந்தது. முன்பல் விழுந்த புதிதில் எடுத்த போட்டோ. அதைத்தான் திரையில் வைத்திருந்தேன். அதன் மேல் பழைய கார்டின் கோடுகள். ஓரத்தில் என் ஃபோல்டர்கள். டார்ச்சை நகர்த்தினால் அந்த இடம் மட்டும் தெரியும், விலக்கினால் மறுபடி கறுப்பு.

"படம் வருது" என்றேன்.

"அப்ப லைட்தான் எரியல" என்றார் கணவர். "கார்டு ரெண்டையும் விடு. லைட்டுக்குப் போற வயரு எங்க இருக்கு?"

முதலில் புதிய கார்டைத் திரும்ப மாட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தோம். கோடு இல்லாமல் படம் மங்கலாக, ஆனால் சுத்தமாக இருந்தது. கடைக்காரர் மேல் ஒரு நாள் முழுக்கப் பட்ட சந்தேகம் அங்கே தீர்ந்தது. பிறகு என் தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். திரை மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு வயர் முனைகளை வரைந்து வைத்திருந்தேன். அகலமான ஒன்று படத்துக்கு. பக்கத்தில் நகத்தளவுகூட இல்லாத வெள்ளை முனை ஒன்று. கார்டை எடுத்த மூன்று தடவையும் இரண்டையும் பிடுங்கி, ஒரே மாதிரி திரும்பச் செருகியிருந்தேன். கீபோர்டைத் தூக்கிப் பார்த்தால் இரண்டுமே அதனதன் இடத்தில்தான் இருந்தன.

"ரெண்டும் மாட்டித்தான இருக்கு" என்றேன்.

கணவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார். "சின்னது கொஞ்சம் சாஞ்சாப்ல இருக்கு பாரு. ஒரு பக்கம் ஏறல."

"நீங்களே அழுத்துங்க. எனக்குக் கை நடுங்குது."

"எனக்கும்தான் நடுங்குது" என்றார். பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு, பல்குச்சி ஒன்றை எடுத்து அதன் மழுங்கிய முனையால் அந்த வெள்ளை முனையை மெதுவாகத் தள்ளினார். எறும்பு கடிக்கிற அளவுக்கு ஒரு சத்தம். அவ்வளவுதான். பட்டனை அழுத்தும் வேலையை அக்காவிடம் கொடுத்தோம். அவர் கழுத்துச் சிலுவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்தினார்.

திரை வெளுத்தது. ஒரு கணம் வெறும் வெளிச்சம், பிறகு எழுத்து, பிறகு மகளின் பொக்கை வாய்ச் சிரிப்பு.

நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. கணவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை அக்கா பார்த்தார். "பேபி, சலோ, எங்க வீட்ல மட்டன் இருக்கு" என்று மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். நான் கீழே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ சரியாத்தான் கத்துன. நான்தான் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை அவருடைய ஸ்கூட்டரில் போனோம். லேப்டாப்பை இரண்டு துண்டில் சுற்றிப் பையில் போட்டு, குழந்தையைப் போல மடியில் அணைத்துக்கொண்டேன். வழியில் லோத்குண்டாவிலிருந்து அல்வால் வரைக்கும் வேகத்தடையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் அந்தச் சின்ன வெள்ளை முனை நழுவிவிட்டது என்றே நினைத்தேன். "மெதுவா, மெதுவா" என்று நான் சொல்லச் சொல்ல, கடைசியில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

போலாரத்தில் அது ஓட்டுக்கூரை போட்ட பழைய பங்களா. கமிட்டியில் ஐந்து பேர். தலைவி ராணுவ மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண் டாக்டர். நான் பையைத் திறக்கும்போதே கரண்ட் போனது. ஆர்க்கிடெக்ட் என்னைப் பார்த்தார். பேட்டரியில் ஒரு மணி நேரம் ஓடும் என்றேன். மூடியைத் தூக்கினேன். திரை எரிந்தது.

திரையில் கட்டடத்தின் வாசலிலிருந்து உள்ளே நுழைந்து, மருந்துக் கவுன்டரைத் தாண்டி, நீண்ட நடைபாதையில் கூட்டிப்போனேன். ஐந்து தலைகளும் அந்தச் சிறு திரையை நோக்கிக் குனிந்திருந்தன. நடைபாதை திரும்பும் இடத்தில் டாக்டரம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இங்கே ஸ்ட்ரெச்சர் திரும்புமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆர்க்கிடெக்ட் திரும்பும் என்று சொல்ல வாயெடுத்தார். எனக்கு அந்த மூலையின் அளவு மனப்பாடம். "திரும்பாது மேடம்" என்று நான் சொல்லிவிட்டேன். என் முதல் வேலை இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். டாக்டரம்மா ஆர்க்கிடெக்டைப் பார்த்து, "காகிதத்தில் காட்டியபோது இது எங்களுக்குத் தெரியவில்லை. மூலையை அகலப்படுத்தி மறுபடி காட்டுங்கள்" என்றார். மறுபடி காட்டுங்கள் என்ற அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் வேலை கைவிட்டுப் போகவில்லை என்று எனக்குப் புரிந்தது.

வெளியே மரத்தடியில் கணவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். சொன்னேன். வண்டியைக் கிளப்பினார். அல்வால் வந்ததும், ஒரு மூடிய கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமல், கொஞ்சம் மேலே தூக்கி, இடுக்கில் போனைச் செருகிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பேசினார்.

"அப்பா, நான்தான்... இல்ல, ஆபீஸ்ல இல்ல. ரோட்டுல நிக்கிறேன்... வேலை போயிருச்சுப்பா... ஆமா. வெள்ளிக்கிழமையே... இல்லப்பா, அவகிட்ட சொல்லிட்டேன்."

வேறு வேலை கிடைக்க அவருக்கு எட்டு மாதம் ஆனது. அதுவரை நான் போலாரத்து மருத்துவமனையையும், அதற்குப் பிறகு வந்த இரண்டு வீடுகளையும் அதே லேப்டாப்பில் கட்டினேன். அன்று இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. மறுமுனையில் மாமா நிறைய நேரம் பேசினார் போலிருக்கிறது. இவர் "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேசி முடித்துவிட்டு வந்தவரிடம், "மாமா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"இங்க வர ராத்திரியே பஸ் ஏறுறாராம். வேணாம்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கிறாரு."

"வரட்டும்" என்றேன். வெயில் ஏறிவிட்டது. மூலையை அகலப்படுத்தும் வேலை வேறு இருந்தது. பையை அணைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.